சலித்தெடுப்பது மட்டும்தானா பள்ளியின் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளிவந்த கல்வியும் தகுதியும் பற்றிய கட்டுரையைப் படித்தேன். திறமைசாலிகளைப் பொறுக்கியெடுத்து உரிய இடத்தில் உட்காரவைப்பதே பள்ளியின் வேலை, அதனால்தான் சமூகம் ஒழுங்காக இயங்குகிறது என்ற செயல்பாட்டுவாதக் கருத்தை, சமூகவியலின் முடிந்த முடிவாகவே கட்டுரையாளர் எழுதிவிட்டார். அதற்கு உதாரணமாக நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைக் காட்டியிருக்கிறார். நான் இதே வட்டாரத்தில் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள்; சமூகவியல் முதுகலையை அஞ்சல் வழியில் படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரைக்கு அடிப்படை, அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கிங்ஸ்லி டேவிஸும் வில்பர்ட் மூரும் 1945இல் வைத்த வாதம். முக்கியமான வேலைகளுக்குத் திறமையும் நீண்ட பயிற்சியும் தேவை, பயிற்சிக் காலத்தில் ஒருவர் பலவற்றைத் தியாகம் செய்கிறார், எனவே கூடுதல் வருமானமும் மதிப்பும் தந்தால்தான் ஆள் வருவார் என்பது அவர்கள் கட்சி. இதற்கு இன்னொரு அமெரிக்கச் சமூகவியலாளர் மெல்வின் டியூமின் 1953இலேயே பதில் எழுதிவிட்டார். அந்தத் தியாகத்தைப் பெரும்பாலும் செய்வது பெற்றோர். அவர்களால் செய்ய முடிவதும் அவர்கள் ஏற்கெனவே இருக்கும் நிலையால்தான் என்றார். ஏற்றத்தாழ்வு இறுகிப்போன இடத்தில், யாரிடம் என்ன திறமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வழியே அடைபட்டுப்போகிறது என்பதும் அவர் சொன்னதுதான். கட்டுரையில் டியூமினின் பெயரே இல்லை.

எங்கள் பக்கம் அந்தத் தியாகத்தை நாள்தோறும் பார்க்கிறோம். தோட்டத்தில் ஒரு பகுதியை விற்றும், நகையை அடகு வைத்தும் பிள்ளையை விடுதியில் சேர்க்கிறார்கள். “கடன் கெடக்குதுங்க டீச்சர், பையன் மேல வந்துட்டாப் போதுமுங்க” என்று சொல்கிற தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விற்கவும் அடகு வைக்கவும் ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளையின் திறமை எந்தக் கணக்கில் வரும்?

என் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். அப்பா, அம்மா இருவருமே கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். பள்ளி விட்டுப் போனதும் அவள் தார் சுற்ற, அதாவது தறிக்கான நூலைக் குச்சியில் சுற்ற, உட்கார்ந்தாக வேண்டும். கணக்கு நோட்டை மெஷின் ஓரமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, நூல் அறுந்தால் முடிந்துவிட்டு, திரும்ப விட்ட வரிக்கு வருவாள். நோட்டைத் திறந்தால் பக்கங்களுக்கு நடுவே பஞ்சுத் தூசி படிந்திருக்கும். தொகையிடலில் அவள் போடும் வழி, சில நேரம் நான் பலகையில் போட்டதைவிடச் சுருக்கமாக இருக்கிறது. விடியற்காலையிலிருந்து இரவு வரை ஆள் போட்டுப் படிக்கவைக்கப்படும் பையனின் மதிப்பெண்ணையும் இவள் மதிப்பெண்ணையும் ஒரே பட்டியலில் வைத்து, கூட வாங்கினவனுக்குத்தான் திறமை கூட என்று சொல்ல என்னால் முடியாது.

செயல்பாட்டுவாதச் சமூகவியலாளர் டால்காட் பார்சன்ஸையும் கட்டுரையாளர் பாதிதான் எடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பிள்ளை ‘எங்கள் பிள்ளை’ என்பதாலேயே கொண்டாடப்படுகிறது, பள்ளியில் எல்லாருக்கும் ஒரே அளவுகோல், இப்படித்தான் குழந்தை குடும்பத்திலிருந்து சமூகத்துக்குக் கடந்து வருகிறது என்று 1959இல் அவர் எழுதியது உண்மை. போட்டியில் இறங்கும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே நிலையில் தொடங்குவதாகக் கொண்டுதான் அதை எழுதினார். பார்சன்ஸின் அதே கட்டுரையில் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிப் பையன்களைப் பற்றிய தரவும் இருக்கிறது. திறனில் ஒரே மட்டத்தில் இருந்த பையன்களிலேயே, தகப்பனாரின் தொழில் மாறினால் கல்லூரி போக நினைப்பவர்களின் விகிதமும் வெகுவாக மாறியது. செயல்பாட்டுவாதத்தின் முன்னோடியே அச்சில் வைத்துவிட்டுப் போன விஷயம் இது.

கணக்கு ஆசிரியை என்ற முறையில் இன்னொன்று. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தி வந்தது ஊரறிந்த சங்கதி. முக்கோணவியலையும் எல்லை மதிப்பையும் ஒழுங்காகப் படிக்காத பையன் வகையிடலில் முழு மதிப்பெண் வாங்குவான். ஏன் அப்படி வருகிறது என்று கேட்டால் விழிப்பான். அந்த மதிப்பெண் அளந்தது எதை? அரசு 2017இல் ரேங்க் அறிவிப்பதை நிறுத்தி, 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது இந்தப் பின்னணியில்தான். 2017இலேயே மருத்துவப் படிப்புக்கு நீட்டும் வந்தது, போட்டி பயிற்சி மையங்களுக்கு இடம் மாறியது. நீட்டுக்குப் பின் அரசுப் பள்ளி, தமிழ்வழி மாணவர்களின் மருத்துவ இடங்கள் குறைந்ததை 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு எடுத்துக்காட்டியது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்ததை, தகுதிக்கு வைத்த வேட்டு என்கிறார் கட்டுரையாளர். தார் சுற்றிக்கொண்டே படிக்கிறவளின் தகுதியை அது கொஞ்சமாவது கணக்கில் எடுக்கிறது என்பேன் நான்.

என்னை அதிகம் வருத்துவது கட்டுரை விட்டுவிட்ட மற்றொரு பாதி. பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்க்கைமிடமிருந்து தொடங்கும் இந்தச் சிந்தனைமரபு பள்ளிக்கு முதலில் கொடுத்த வேலை பிள்ளைகளை ஒன்றுசேர்ப்பது. உறவோ நட்போ இல்லாத பிள்ளைகளோடு ஒரே விதிக்கு உட்பட்டுப் பழகப் பள்ளியைப் போல வேறு இடம் கிடையாது என்று அவர் கருதினார். கொங்கு நாட்டுக்கு இதைவிட அவசியமான பாடம் எது? 2018இல் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், பட்டியலினப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஒரு கூட்டம் தகராறு செய்தது. அவரை இடம் மாற்றினார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. இப்படிப்பட்ட ஊர்களில் தட்டோடு ஒரே வரிசையில் உட்காரும் பிள்ளைகளைக் காசுக்கொரு பள்ளி, மார்க்குக்கொரு செக்‌ஷன் என்று பிரித்துக்கொண்டே போகிறோம். பள்ளியைச் சல்லடையாக மட்டும் பார்த்ததன் விளைவு இது.

அரசுப் பள்ளிகளையும் இந்த வழக்கம் தொற்றிவிட்டது. காலாண்டு முடிந்ததும் மதிப்பெண் பார்த்துப் பிரிவு மாற்றுகிறார்கள். பட்டியல் ஒட்டிய அன்று கடைசிப் பிரிவுக்குப் போகும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடப்பதை எல்லா வகுப்பும் ஜன்னல் வழியே பார்க்கிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளைகள் கை தூக்கிச் சந்தேகம் கேட்பதில்லை.

இப்படிப் பிரிப்பதைக் கல்வித்துறை ஓர் உத்தரவு போட்டு நிறுத்த வேண்டும். வரும் கல்வியாண்டில் எங்கள் பள்ளியிலாவது பெயர் வரிசைப்படி பிரிவு ஒதுக்கச் சொல்லிப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் சில ஆசிரியர்களும் கேட்கப்போகிறோம். டியூமின் எழுப்பிய கேள்விகளை விரிவாகச் சொல்லும் ஒரு கட்டுரையைத் தங்கள் இதழ் வெளியிட்டால், அந்தக் கூட்டத்தில் பெற்றோர் கையில் கொடுக்க எங்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம்