காவல் நாய்க்குப் புது வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாய்களுக்கு மறுவாழ்வு தேடித் தரும் குழுக்களில் இருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். ராட்வீலர், டாபர்மேன், மாலினுவா, கேன் கோர்ஸோ மாதிரியான பெரிய காவல் நாய் ஒன்று உங்களிடம் வந்து சேரும்போது நீங்கள் போடும் அறிவிப்புகளை நான் விடாமல் படிக்கிறவன். நாய்ப் பயிற்சிதான் என் வேலை. இப்படிக் கைமாறிய நாய்கள் பல என்னிடமும் வந்து போயிருக்கின்றன. பெரும்பாலான அறிவிப்புகளில் ‘அனுபவம் உள்ளவர்கள் மட்டும் தொடர்புகொள்ளவும்’ என்று ஒரு வரி இருக்கும். எச்சரிக்கையாகத்தான் அதைப் போடுகிறீர்கள், தெரியும். ஆனால் அதைப் படித்துவிட்டு ‘அப்படியென்றால் இது நமக்கில்லை’ என்று விலகிப் போனவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. சின்ன வயதில் வீட்டு வாசலில் நாய் படுத்திருந்தது என்பவருக்கும் அது அனுபவம்தான். பத்து வருடம் லாப்ரடார் வளர்த்தவர் தன்னைப் பெரிய கை என்றே நினைத்துக்கொண்டிருப்பார். எந்த நாயையும் இரண்டே நாளில் அடக்கிவிடுவேன் என்கிறவரிடம் கேட்கவே வேண்டாம்.

ஆக, அனுபவம் உண்டா என்று கேட்பதில் பயனில்லை. என் கேள்வி வேறு: நீங்கள் வளர்த்த நாய் எப்போதாவது உங்களைப் பார்த்து உறுமியிருக்கிறதா, அப்போது என்ன செய்தீர்கள்? இதற்கு வரும் பதிலிலேயே ஆளைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

“என்னைப் பார்த்து எந்த நாயும் உறுமாது” என்று நெஞ்சை நிமிர்த்துகிறவருக்கு நான் காவல் நாயைக் கொடுக்க மாட்டேன். ஒன்று, அவர் நாய் சொல்வதைக் கவனித்ததில்லை. இல்லையென்றால், அவர் வளர்த்த நாய்கள் உறுமக்கூடப் பயந்திருக்கின்றன. உறுமக்கூடாது என்று அடித்துப் பழக்கிய நாய் எச்சரிக்காமல் கடிக்கும். 50 கிலோ நாய் அப்படி ஒரு பழக்கத்தோடு இன்னொரு வீட்டுக்குள் போவதை நினைத்துப் பாருங்கள்.

“மல்லாக்கத் தள்ளிக் கழுத்தை அமுக்கிப் பிடித்தேன், அடங்கிவிட்டது” என்று சொல்கிறவர்களும் வருவார்கள். யார் தலைவன் என்று நாய்க்குக் காட்ட வேண்டுமாம். இந்தத் தலைவன் கதைக்கு மூலம், 1947ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர், அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புக்குள் போட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தக் கருத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், காட்டு ஓநாய்களைப் பல வருடம் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, குட்டிகள் சேர்ந்த குடும்பம்தான் என்று 1999ல் எழுதினார். ஆராய்ச்சி செய்தவரே மாற்றிக்கொண்டார். நம் ஆட்கள் விடுவதாயில்லை. 2009ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், நடத்தைப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டி வந்தவர்களிடம் விசாரித்தபோது, மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், நாய் பதிலுக்குச் சீறியது என்றே சொன்னார்கள். அவை வீட்டில் வளர்த்த நாய்கள். ஆளைக் கடிக்கவே பயிற்சி கொடுத்த நாயிடம் அதைச் செய்தால்?

எனக்குப் பிடித்த பதில் இப்படி இருக்கும்: “எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது, பக்கத்தில் போனேன், உறுமியது. நின்றுவிட்டேன். அப்புறம் சில வாரம், கிட்டே போகும்போதெல்லாம் அதைவிட நல்லதாக ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்து வந்தேன். இப்போது நான் வந்தால் வால் ஆட்டுகிறது.” இதைச் சொல்பவர் பேச்சில் சூரராக இருக்க மாட்டார், காவல் இன நாயை அதற்கு முன் வளர்த்திருக்கக்கூட மாட்டார். ஆனாலும் நான் இவரைத்தான் இரண்டாவது முறை கூப்பிடுவேன்.

ஆளைப் பற்றிக் கேட்பது இருக்கட்டும், நாயைப் பற்றிச் சொல்வதிலும் நாம் சுத்தமாக இல்லை. ‘முழுப் பயிற்சி பெற்றது’ என்று எழுதுகிறோமே, எந்தப் பயிற்சி? உட்கார், படு, கூடவே நட என்பது ஒன்று. ஐஜிபி என்ற காவல் நாய்ப் போட்டிக்குத் தயார் செய்த நாய் இன்னொன்று. மோப்பத் தடம், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண். 2019க்கு முன்னால் ஐபிஓ என்றார்கள், அதற்கும் முன்னால் ஷுட்ஸ்ஹுண்ட். அந்த நாய்களில் பலவற்றுக்கு, எதிராளியாக நடிப்பவர் கையில் மாட்டியிருக்கும் கவசத்தைக் கவ்வுவது ஒரு விளையாட்டு. கவசத்தைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு ஆள் விலகினால் கவசத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும். நிஜமாகவே ஆளை எதிர்க்கப் பழக்கிய நாய் வேறு ரகம். அப்புறம் நாலாவது ஒன்று உண்டு, அதைப் பயிற்சி என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. சங்கிலியில் கட்டிப் போட்டுச் சாக்கை ஆட்டிச் சீண்டி, வருகிறவன் போகிறவன் மேலெல்லாம் பாயவைப்பது. பார்க்கிறவர்கள் பிரமாதமான காவல் நாய் என்பார்கள். பயத்தில் கத்துகிற நாய் அது. வீட்டு மனிதர் நாலு பேர் நடுவில் அது நிம்மதியாக இருக்காது, இருக்கவும் விடாது.

அதனால், பழைய சொந்தக்காரர் ‘ட்ரெயினிங் எல்லாம் முடிந்தது’ என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். பயிற்சியாளர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். மதிப்பெண் புத்தகம் இருந்தால் பாருங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள், கடிக்கவிட்டு இல்லை. வெறியோடு பந்தைத் துரத்தி ஓடும்போது பாதி வழியில் கூப்பிட்டால் திரும்புகிறதா, வாயில் பிடித்ததை ஒரே சொல்லில் விடுகிறதா என்று பாருங்கள். பாய்வதற்கு எந்த நாயையும் உசுப்பிவிடலாம். பாய்கிற நாய் நிற்கிறதா என்பதில்தான் பயிற்சி கொடுத்தவரின் யோக்கியதை தெரியும்.

என்ன சொல் சொன்னால் விடும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு கைமாற்றத்தின்போது நான் கூட இருந்தேன். மாலினுவா, பெண் நாய், வாயில் ரப்பர் பந்து. புதியவர் குனிந்து “விடு” என்றார். நாய் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. இன்னும் சத்தமாக “விடு”. கடைவாய்க்குப் பந்தைத் தள்ளி இறுக்கிக்கொண்டது. அவர் பந்துக் கயிற்றைப் பிடித்து இழுக்க, அதற்குக் குஷி. முன்னங்காலை ஊன்றிக்கொண்டு அதுவும் இழுத்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. பழைய சொந்தக்காரர் அதற்குள் கிளம்பிப் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஜெர்மன் சொல்லில் பழக்கியிருப்பார்களோ என்று தோன்றி நான் மெதுவாக “அவுஸ்” என்றேன். பந்து கீழே விழுந்தது, நாய் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தது. அந்த ஒரு சொல்லை யாரும் அவருக்குச் சொல்லாமல் விட்டிருந்தால், ‘கட்டுக்கடங்காத நாய்’ என்று அடுத்த வாரமே அது உங்களிடம் திரும்பியிருக்கும். சொல் மட்டும் போதாது, கைச்சைகை, குரல், எந்தப் பக்கம் நடக்கும், எல்லாமே வேண்டும். பழைய சொந்தக்காரர் நாயோடு இருப்பதைக் கால் மணி நேரம் வீடியோ எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

இனி, யாரும் விரும்பாத விஷயம். கடித்திருக்கிறதா என்று கேட்டால் “சும்மா செல்லமாகப் பல் பட்டது” என்பார்கள். நாமும் அதைப் பூசி மெழுகி ‘சற்றே உற்சாகமான நாய்’ என்று எழுதிவிடுகிறோம். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடியை ஆறு நிலையாகப் பிரித்து வைத்திருக்கிறார். பல் தோலில் படாமல் சீறுவது முதல் நிலை, பட்டும் துளை விழாதது இரண்டாவது, ஒரே கடியில் ஆழமில்லாத துளைகள் மூன்றாவது. நான்காவதில் துளை ஆழமாகிவிடும், ஐந்தாவது பல கடிகள், ஆறாவது உயிர்ப்பலி. எந்த நிலை, யாரை, எந்தச் சூழ்நிலையில் என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஏதாவது புரியும். ‘தொப்பி போட்ட ஆண்கள் வேகமாக நெருங்கினால் உறுமும். தட்டில் கை வைத்த உறவினரை ஒரு முறை இரண்டாம் நிலையில் கடித்திருக்கிறது. ஆண் நாய்களோடு ஒத்துப்போகாது. பெண் நாயோடு வளர்ந்தது. காரில் அமைதி.’ இப்படி ஒரு அறிவிப்பைப் போட்டால் யார் வருவார்கள் என்கிறீர்களா? கூட்டம் குறையும், உண்மைதான். ஆனால் இதைப் படித்துப் பயந்து போகிறவர் எப்படியும் அந்த நாயை வைத்துக்கொள்ளப் போவதில்லை. படித்துவிட்டு “தட்டு விஷயத்துக்கு இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டு வருகிறாரே, அவரைத்தானே இத்தனை நாளாகத் தேடுகிறோம்.

இதோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நான்காம் நிலையிலோ அதற்கு மேலோ கடித்த நாயை, அனுபவசாலி யாராவது பார்த்துக்கொள்வார் என்று யார் தலையிலாவது கட்டுவது உதவி ஆகாது. நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. அந்த முடிவு சில சமயம் கசப்பாகத்தான் இருக்கும்.

கொடுக்கும் முன் மருத்துவப் பரிசோதனை அவசியம். வலி இருக்கிற நாய் கடிக்கும், இடுப்பு மூட்டுத் தேய்ந்த ராட்வீலரும் அதில் சேர்த்தி. டாபர்மேன் என்றால் இதயத்தையும் பார்த்துவிடுங்கள். ஐரோப்பிய டாபர்மேன்களை வைத்து ஜெர்மனியில் செய்து 2010ல் வெளியான ஆய்வில், இதயத் தசை நோய் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வருவதாகத் தெரிந்தது. அதைத் தெரிந்து வாங்குகிறவர் வேறு, ஆறு மாதம் கழித்துத் தெரிந்துகொள்கிறவர் வேறு. கருத்தடையை நீங்களே முடித்துக் கொடுங்கள். குட்டி போட வைத்துக் காசு பார்க்க வருகிறவர்கள் அதிலேயே கழன்றுகொள்வார்கள்.

“என்னை விட்டால் அது சாப்பிடாது, ஏங்கியே செத்துப்போகும்” என்று அழுகிற சொந்தக்காரர்களிடம் ஒரு செய்தி சொல்லலாம். ஹங்கேரியில் காப்பக நாய்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2001ல் வெளியானது. முன்பின் தெரியாத ஒருவர் பத்துப் பத்து நிமிடமாக மூன்றே முறை நாயோடு இருந்தார். அதற்குள்ளேயே சொந்தக்காரரிடம் காட்டுவது போன்ற ஒட்டுதலை அந்த நாய்கள் அவரிடம் காட்டத் தொடங்கின. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பாருங்கள். குட்டியில் ஒரு குடும்பம், பிறகு பயிற்சியாளர், அப்புறம்தான் அதன் நிரந்தர மனிதர். போலீஸ் நாய்களுக்கும் ஆள் மாறுகிறது. கைமாறுவதை நாய் தாங்கும். ஆனால் அங்கெல்லாம் புதியவரும் நாயும் சேர்ந்து வாரக்கணக்கில் பழகுகிறார்கள், பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்கிறார். நாமோ ஞாயிற்றுக்கிழமை மதியம் காரில் ஏற்றிக் கையசைத்துவிடுகிறோம்.

குறைந்தது மூன்று, நான்கு சந்திப்பாவது வையுங்கள். முதல் சந்திப்பு யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், நாயின் வீட்டு வாசலில் வேண்டாம். லீஷ் பழையவர் கையிலிருந்து புதியவர் கைக்குப் போகட்டும், பழையவர் கூடவே நடந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கட்டும். வாய்க்கூடை முன்னாலேயே பழக்கியிருந்தால் எல்லோருக்கும் நிம்மதி. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடுகிற கூடை மாதிரியானது. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை வேண்டாம்.

புது வீட்டில் முதல் நாட்களைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நான் சுருக்கமாக விடுகிறேன். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில் நாய்களின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன் கூடுதலாக இருப்பதை 1997லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். புது வீட்டிலும் நாய்க்கு அந்தப் பதற்றம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. குளிப்பாட்டல், விருந்தாளி, நண்பர்களைக் கூட்டி வந்து பந்தா காட்டுவது எதுவும் வேண்டாம். கழுத்துப் பட்டையில் ஒன்று, மார்பைச் சுற்றி மாட்டும் ஹார்னஸில் ஒன்று என்று இரண்டு லீஷ் மாட்டுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல வருவது அதற்குப் பிந்தைய கட்டத்தை. காவல் நாய் புது வீட்டில் முதல் இரண்டு வாரம் பசு மாதிரி இருக்கும். யார் வந்தாலும் பேசாமல் படுத்திருக்கும். இவ்வளவு சாதுவா என்று வீட்டுக்காரருக்கு ஆச்சரியம், பட்டையைத் தளர்த்துவார், கதவைத் திறந்து போடுவார். மூன்றாவது, நான்காவது வாரத்தில் இது நம் இடம் என்று நாய்க்குத் தோன்ற ஆரம்பிக்கும். அன்றைக்குத்தான் வேலையை எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை தடவிக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். நாய்க்குப் புத்தி கெட்டுவிட்டது என்று உங்களுக்குப் போன் வரும். கெடவில்லை, இப்போதுதான் குடியேறியிருக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதிப் பேர் பதற மாட்டார்கள். நீங்கள் நலம் விசாரிக்கப் போன் செய்வது பெரும்பாலும் இரண்டாம் நாள். செய்யுங்கள், ஆனால் நான்காம் வாரமும் கட்டாயம் செய்யுங்கள். முடிந்தால் பயிற்சியாளரையும் அப்போது ஒரு முறை அனுப்புங்கள்.

காகித வேலைகளில் இரண்டைத்தான் வலியுறுத்துவேன். நாயின் தோலுக்கடியில் இருக்கும் மைக்ரோசிப்பின் பதிவில் சொந்தக்காரர் பெயரும் போன் எண்ணும் அன்றே மாற வேண்டும். தொலைந்த நாயை ஸ்கேன் செய்தால் பழைய வீட்டு எண் வந்து என்ன பயன்? இரண்டாவது, என்ன ஆனாலும் நாய் உங்களிடமே திரும்பி வரவேண்டும், மூன்றாம் ஆளிடம் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. வாங்கிவிட்டால் மட்டும் போதாது. திரும்பி வந்தால் எங்கே தங்கவைப்பது, யார் போய்க் கூட்டி வருவது என்று கொடுக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் போன் செய்து “இப்போதே வந்து கூட்டிக்கொண்டு போங்கள்” என்றால், கென்னலில், அதாவது நாய் விடுதியில், இடம் கிடைக்குமா என்று அப்போதுதான் நாலு பேரைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

இப்படிக்கு,
காவல் நாய்களோடு வேலை செய்யும் ஒரு பயிற்சியாளன்