கூலி இழப்புக்கும் நிதி வேண்டும்

ஆசிரியருக்கு,

பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்களுக்கு நல்கை (நிதியுதவி) வழங்கும் அமைப்புகள் குறித்த தங்கள் தலையங்கம் முக்கியமான ஒரு முடிச்சைத் தொடவில்லை. 2020-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத் திருத்தம், வெளிநாட்டிலிருந்து பெற்ற தொகையை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றத் தடை விதித்தது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய நிதியங்கள் வழியே சிறு குழுக்களுக்கு வந்த பணம் அத்துடன் அடைபட்டது.

பல்லடம், சோமனூர் பகுதிகளில் பத்துப் பேருக்கும் குறைவானோர் வேலை செய்யும் விசைத்தறிக் கூடங்கள் உண்டு. அங்கு நேரும் பாலியல் துன்புறுத்தலுக்கு மாவட்ட உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். புகார் தந்த பெண்ணுக்கு ஒவ்வொரு விசாரணைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. புகாரைப் பாதியில் கைவிடுவதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். உள்நாட்டு நன்கொடைக்கு மேற்சொன்ன தடை இல்லை. திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சேர்ந்து ஒரு நிதியம் அமைத்து, இழந்த கூலி, பேருந்துக் கட்டணம், வழக்கறிஞர் செலவு ஆகியவற்றுக்காக, இப்பெண்களுக்குத் துணைநிற்கும் சிறு குழுக்களுக்கு மூன்றாண்டுத் தொடர் நல்கை அளிக்கலாம்.

– வாசகர், பல்லடம்