கேட்டுவிட்டுக் கொடுங்கள்

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் சுகம். நீ, மாப்பிள்ளை, பிள்ளைகள் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

உங்கள் சபையின் சேகரக் கமிட்டியில் சமூக சேவைப் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா அதைக் கோவிலில் இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பார். ஆனால் எல்லோருமாக ஒரு பஸ் பிடித்து, குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் போய், பிரியாணி பரிமாறி, பிள்ளைகளைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு வரலாம் என்று கமிட்டியில் பேச்சு நடப்பதாகச் சொன்னாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு அலுவலக அழைப்பு வந்துவிடுகிறது. எழுதினால் முழுவதையும் படிப்பாய்.

பஸ் பிடிக்கும் முன், நீ மட்டும் அல்லது இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு, ஒரு வேலை நாளில் அந்த இல்லத்துக்குப் போய் நிர்வாகியைப் பார். "நாங்கள் என்ன கொண்டுவரலாம்?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் மரியாதைக்காக "உங்கள் விருப்பம்" என்றுதான் சொல்வார். "இந்த மாதம் எதற்குப் பணம் போதவில்லை? எந்த வேலைக்கு ஆள் இல்லை?" என்று கேள். கேட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திரு. முதல் பதில் சம்பிரதாயமாக இருக்கும். காப்பி குடித்து முடிக்கும்போதுதான் மோட்டார் பழுதானதும், சமையல் அம்மாவுக்குச் சம்பளப் பாக்கி இருப்பதும் வெளியே வரும்.

நம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஒரு முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தபோது பண்டக அறையைத் திறந்து காட்டினார்கள். ஒரு சுவர் முழுவதும் போர்வைகள், பிரிக்காத பிளாஸ்டிக் உறையோடு, கூரை வரை. கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள், பிறந்தநாளுக்கு வந்தவர்கள், நினைவு நாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் போர்வைதான் கொண்டுவந்திருக்கிறார்கள். கீழ்த்தட்டில் படுக்கையோடு இருப்பவர்களுக்கான டயப்பர் ஒரே ஒரு பாக்கெட், அதுவும் பிரித்தது. அங்கே வேலை செய்யும் பெண் பழைய சேலைகளைக் கிழித்து மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கொடுத்தவர்கள் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதிலிருந்து எங்கள் சங்கம் மாதா மாதம் டயப்பர், கட்டுத்துணி, புண்ணுக்குப் போடும் மருந்து மட்டும் வாங்கிக் கொடுக்கிறது. படம் எடுத்துப் போட அதில் ஒன்றும் இல்லை.

டிசம்பரில் எல்லோரும் வருவார்கள், மகளே. ஒரே நாளில் மூன்று குழுக்கள் கேக்கோடு வந்து நிற்கும். பிள்ளைகள் மூன்று தடவை சாப்பிட்டு, மூன்று தடவை பாடி, மூன்று தடவை நன்றி சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும்போது, மழைக்காலத்தில் காய்ச்சல் வரிசையாக வரும்போது, கேட் பக்கம் ஓர் ஆளைக் காணக் கிடைக்காது. உங்கள் சபை ஜூனில் போகட்டும். ஆகஸ்டில் போகட்டும்.

படம் எடுக்கும் விஷயத்தில் நீ கண்டிப்பாக இரு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் விதத்தில் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். சட்டம் இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பெண் பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது, தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் தன் படத்தை யாரோ ஒருவரின் போனில் பார்க்க வேண்டுமா? சபை மலருக்குப் படம் வேண்டும் என்று யாராவது சொன்னால், பழுதுபார்த்த மோட்டாரைப் படம் எடுத்துப் போடுங்கள் என்று சொல்.

சாப்பாட்டுக்கு முன் நீண்ட பிரசங்கம் வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. அங்கே பல மதத்துப் பிள்ளைகள், பல வீட்டுப் பெரியவர்கள் இருப்பார்கள். பசியோடு உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து போக முடியாது. அவர்களுக்கு நாம் பிரசங்கம் செய்தால் அது அன்பில் சேராது. யாராவது நம்மிடம் ஜெபிக்கக் கேட்டால் ஜெபிப்போம்.

சரி, வேறு என்னதான் செய்வது என்று கேட்பாய். உன் சபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தையல் தெரிந்தவர், எலக்ட்ரீஷியன், நர்ஸ், பழைய தாலுகா அலுவலக எழுத்தர், கார் ஓட்டத் தெரிந்த இளைஞர். இவர்களில் பாதிப் பேரை இதுவரை யாரும் எதற்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பாடத் தெரிந்தவர்களையும் பேசத் தெரிந்தவர்களையும் மட்டுமே கூப்பிடுவது நம் சபைகளின் வழக்கமாகிவிட்டது. சின்னத் தொண்டு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுத ஆள் கிடைப்பதில்லை. ஓய்வு பெற்ற வங்கிக்காரர் மாதத்துக்கு இரண்டு பிற்பகல் போய் ரசீதுகளை அடுக்கி, ஆடிட்டருக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுத்தால் அந்த நிர்வாகி உங்களை வாழ்த்துவார்.

தாலுகா அலுவலக எழுத்தரைச் சும்மா விடாதே. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, இவற்றுக்கு மனு எழுதி, ஆவணங்களைச் சேர்த்து, எந்த ஜன்னலில் கொடுக்க வேண்டும் என்று கூடவே போய்க் காட்டுவது பிரியாணியைவிடப் பெரிய உதவி. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கேட்டு மனுச் செய்யலாம். அவர்களால் முடியாவிட்டால் அவர்கள் அதிகாரம் கொடுத்த வேறொருவரோ ஓர் அமைப்போ அவர்கள் சார்பில் மனுச் செய்யலாம். முதியோர் இல்லங்களில் இருக்கும் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. தெரிந்தாலும், "பெற்ற பிள்ளைமேல் மனுவா?" என்று அழுவார்கள். அவர்களை வற்புறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

எனக்கு நெருக்கமான வேலையைச் சொல்லட்டுமா? வாசித்துக் காட்டுவது. நம் ஊரில் 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் காதுகேளாதோருக்குத் தொடங்கினார். அப்படித் தொடங்கியதால், இன்றைக்கும் பார்வையற்ற மாணவர்களை நம் தெருக்களில் சாதாரணமாகப் பார்க்கிறோம். அவர்களில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்கள் எல்லாமே பிரெய்லில் கிடைத்துவிடுவதில்லை. வரலாறு படிக்கும் ஒரு பெண்ணுக்கு நான் சனிக்கிழமைகளில் வாசிக்கிறேன். துளையிட்ட சட்டத்தில் தடித்த தாளைச் செருகி, கூரிய ஊசியால் வலமிருந்து இடமாகப் புள்ளி புள்ளியாகக் குத்துவாள். டக் டக் என்று அந்தச் சத்தம் என் வாசிப்பின் பின்னாலேயே வரும். முடிந்ததும் தாளைத் திருப்பிப் போட்டு, மேடான புள்ளிகளை இடமிருந்து வலமாக விரலால் தடவிச் சரிபார்ப்பாள். ஊர்ப்பெயர் வந்தால் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். வரைபடம் வந்தால் எந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று வார்த்தையில் சொல்ல வேண்டும். தலைப்பு எங்கே முடிகிறது, பத்தி எங்கே தொடங்குகிறது என்பதைக்கூடச் சொல்ல வேண்டும். "அம்மா, அந்த வரியைச் சும்மா ஒரு தடவை வாசியுங்கள், எழுத வேண்டாம், கேட்கத்தான்" என்பாள் சில நேரம்.

நீ இருக்கும் சென்னையில் இந்த வேலைக்கு ஆள் தேவை இன்னும் அதிகம். தேர்வில் தாங்கள் சொல்லும் விடையை எழுதித் தருபவர் கிடைக்காமல் பார்வையற்ற பிள்ளைகள் தவிக்கிறார்கள். அவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. ஆகவே மூன்று மணி நேரத் தேர்வு என்றால் எழுதப் போகிறவர் நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். எழுதுபவரின் படிப்பு எந்த அளவுக்கு இருக்கலாம் என்பதற்குத் தேர்வு நடத்துபவர்கள் விதி வைத்திருப்பார்கள். அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒரு முக்கியமான விஷயம்: ஒப்புக்கொண்டவர் அன்று காலையில் "தலைவலி" என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போய்விடும். வாலிபர் சங்கத்தில் சொல்லும்போது இதை முதலிலேயே சொல். தயக்கமுள்ளவர்கள் அப்போதே விலகிக்கொள்ளட்டும். வாராவாரம் வர முடியாதவர் மாதம் ஒரு முறை என்று சொல்லிவிட்டு, அந்த ஒரு முறை தவறாமல் வந்தால் போதும்.

குழந்தைகள் இல்லமானால் இன்னொரு ஒழுங்கும் வேண்டும். எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. போகிறவர்கள் இருவர் இருவராகப் போக வேண்டும். அடையாளச் சான்றும் காவல்துறைச் சரிபார்ப்பும் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுக்க வேண்டும். "நம் சபை மூப்பரையா சந்தேகப்படுகிறீர்கள்?" என்று யாராவது கோபப்பட்டால், ஆமாம், எல்லோருக்கும் ஒரே விதிதான் என்று சொல்லும் தைரியம் உனக்கு வேண்டும். அந்த இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றதா என்பதையும் பார். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்துக்குச் சபையின் பணம் போகக் கூடாது.

இரண்டிரண்டு பேராகப் போவதைப் பற்றிச் சொல்லும்போது கத்தோலிக்கச் சகோதரர்களின் புனித வின்சென்ட் தே பால் சபை நினைவுக்கு வருகிறது. 1833இல் பாரிஸில் கல்லூரி மாணவராக இருந்த ஓசானாமும் அவர் நண்பர்களும் தொடங்கியது. ஏழைகளைக் கூட்டத்துக்கு வரவழைக்காமல், இவர்களே அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான் அவர்கள் முறை. கூட்டத்தில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று தெரியாதபடி ஒரு பை சுற்றி வரும். இதை நாம் கற்றுக்கொள்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை நம் திருநெல்வேலிப் பெண்களின் சொத்து. வசதியில்லாத வீடுகளும் அதில் கலந்துகொண்டன. பெரிய தொகையை ஒரே நாளில் வசூலிப்பதைவிட, வீட்டுக்கு வீடு சிறு தொகையாக மாதா மாதம் போவதுதான் ஓர் இல்லத்துக்கு நிம்மதி. கரண்ட் பில்லும் சமையல்காரர் சம்பளமும் மாதா மாதம்தானே வருகின்றன. காசோலை எப்போதும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும், தனி ஆள் பெயரில் வேண்டாம். வரிச்சலுகை கேட்பவர்களிடம், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது என்றும், புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை என்றும் சொல்லிவிடு.

கனடாவிலிருந்து உன் தம்பியும் அனுப்புகிறேன் என்கிறான். அவன் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறான். தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அங்கே அவன் சபையார் சேர்த்துக் கொடுக்கும் பணம் அப்படி இல்லை. அதைப் பெற, இங்கே இருக்கும் நிறுவனம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்றிருக்க வேண்டும். டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் அது வர வேண்டும். உன் சபைக் கணக்கில் வாங்கி மாற்றிக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் சம்மதிக்காதே. நல்ல மனதோடு செய்து, அந்த நிறுவனத்தைச் சிக்கலில் மாட்டிவிடுவதாகப் போகும்.

நம் முன்னோர் இதைவிடக் கடினமான காலத்தில் செய்தார்கள். 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தொடங்கிய தரும சங்கம் நிலம் வாங்கியது. விசுவாசத்துக்காகத் துரத்தப்பட்டவர்கள் குடியேற இடம் வேண்டும் என்பதுதான் அன்றைய தேவை. எது தேவை என்று பார்த்து அதைச் செய்தார்கள்.

கடைசியாக ஒன்று. இல்லத்தில் வேலை செய்பவர்களை மறந்துவிடாதே. அந்த விடுதிக் காப்பாளரும் சமையல் அம்மாவும் பண்டிகைக்கு வீட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். நிர்வாகி சம்மதித்தால், உங்கள் சபைப் பெண்கள் நான்கு பேர் ஒரு ஞாயிறு முழுவதும் அடுப்படியைப் பார்த்துக்கொண்டு சமையல் அம்மாவை ஊருக்கு அனுப்புங்கள். பஸ் டிக்கெட்டும் எடுத்துக் கொடுங்கள்.

அந்த இல்லத்துக்குப் போய்ப் பேசியதும் அவர்கள் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. தையல் வேலை ஏதாவது இருந்தால் அளவையும் சேர்த்து அனுப்பு, சங்கத்தில் சொல்லித் தைத்து அனுப்புகிறோம். கமிட்டியில் பிரியாணிக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்தீர்கள் என்றும் மறக்காமல் சொல். பேத்திக்குச் சளி குறைந்ததா?

அன்புடன்,
அம்மா