கமிஷன் வேலைக்குச் சம்பள வேலை என்று விளம்பரம்: வேலைவாய்ப்புத் தளங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வேலை தேடுகிற யாரும் இன்று முதலில் திறப்பது உங்கள் தளத்தைத்தான். அதனால்தான் இந்த மடலை ஆள் எடுக்கிற கம்பெனிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். முழுக்க முழுக்கக் கமிஷனை நம்பிச் செய்ய வேண்டிய விற்பனை வேலையை மாதச் சம்பள வேலை போலக் காட்டி விளம்பரம் கொடுக்கிறார்கள். நீங்கள் அதை வெளியிடுகிறீர்கள், கூடுதலாகக் கட்டினால் மேலே தூக்கியும் வைக்கிறீர்கள். அதைப் பார்த்து ஒருவர் கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்கிறார். மூன்றாம் மாதம் கடனோடு வெளியே போகிறார். இது நடந்துகொண்டே இருக்கிறது.

விற்பனை வேலை மட்டமானது என்று சொல்ல வரவில்லை. நானும் அந்த வேலையில் இருந்திருக்கிறேன். கமிஷனிலேயே நன்றாகச் சம்பாதிக்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன், அவர்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. கமிஷன் என்ற முறையிலும் தவறு கிடையாது. இது கமிஷன் வேலை, இதில் நிலையான சம்பளம் இவ்வளவுதான் அல்லது இல்லவே இல்லை என்பதை, சேருகிறவர் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்கிறார் பாருங்கள், என் கோபம் முழுக்க அதில்தான்.

அந்த விளம்பரங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மேனேஜ்மென்ட் டிரெய்னி, பிசினஸ் டெவலப்மென்ட் எக்ஸிகியூட்டிவ், கஸ்டமர் ரிலேஷன்ஷிப் ஆபீசர் என்று ஏதாவது ஒரு பெயர். எந்தப் படிப்பும் போதும், அனுபவம் தேவையில்லை, உடனே சேரலாம், ஆறு மாதத்தில் கிளை மேலாளர் ஆகலாம். என்ன பொருள் விற்க வேண்டும் என்பது பல நேரம் இருக்காது. சில விளம்பரங்களில் விற்பனை என்ற சொல்லே இருக்காது. சம்பளம் என்ற இடத்தில் ஒரு பெரிய தொகை இருக்கும், அது அந்தக் கம்பெனியிலேயே முதலிடத்தில் இருக்கும் ஓரிருவர் தங்கள் நல்ல மாதத்தில் வாங்கியதாக இருக்கும்.

நேர்காணலும் அப்படித்தான். ஒரே அறையில் இருபது பேரை உட்கார வைத்துப் பேசுவார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். "சம்பளம் எவ்வளவு சார்?" என்று யாராவது கேட்டால், "அது உங்கள் திறமையைப் பொறுத்தது, இங்கே வருமானத்துக்கு எல்லையே கிடையாது" என்று பதில் வரும். திரும்பக் கேட்டால், பணத்தையே நினைக்கிறவர்கள் முன்னேற முடியாது என்று எல்லார் முன்னாலும் ஒரு பாடம் நடக்கும். அதற்கு மேல் யார் கேட்பார்கள்? ஆஃபர் லெட்டர் பிறகு வரும் என்பார்கள். அது கைக்கு வரும்போது பழைய வேலையில் ராஜினாமா கொடுத்தாகியிருக்கும்.

என்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஒருவரின் கணக்கை இங்கே சொல்ல வேண்டும். அந்த மாதம் அவருடைய டார்கெட் பத்து. ஒன்பது முடித்தார். பத்து முடித்தால்தான் கமிஷன் தொடங்கும் என்பது ஸ்லாப் விதி, ஒன்பதுக்கு ஒன்றும் கிடையாது, அந்த ஒன்பது அடுத்த மாதக் கணக்கிலும் சேராது. அடுத்த மாதம் படாத பாடு பட்டுப் பதினொன்று முடித்தார். ஆனால் வாடிக்கையாளர் இரண்டாவது தவணை கட்டிய பிறகுதான் கமிஷன் கைக்கு வரும் என்று அப்போதுதான் தெரிந்தது. தவணை வந்து கமிஷனும் வந்தது. அதற்கு அடுத்த மாதம் மூன்று பேர் ரத்து செய்துவிட்டார்கள், அந்த மூன்றுக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். பெட்ரோல், போன் ரீசார்ஜ் எல்லாம் அவர் செலவு. சம்பளச் சீட்டில் "சரிக்கட்டல்" என்று ஒரு வரி, அதன் முன்னால் கழித்தல் குறி, அவ்வளவுதான். எந்த வாடிக்கையாளர், எந்தத் தேதி, ஏன் ரத்து, ஒரு விவரமும் கிடையாது. அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு டீம் லீடரிடம் போய்க் கேட்டார். "அடுத்த மாதம் கவர் பண்ணிடலாம்" என்றார் அவர்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பார்கள், சேருகிறவர் அதைச் சம்பளம் என்றே நினைப்பார். உண்மையில் அது வரப்போகும் கமிஷனுக்குக் கொடுக்கிற முன்பணம். கமிஷன் அந்தத் தொகையைத் தாண்டவில்லை என்றால் குறைகிற பணம் அவர் பெயரில் பாக்கியாக ஏறும். இரண்டு மாதம் விற்பனை மந்தமாக இருந்தால் போதும், வேலை செய்த ஆளே கம்பெனிக்குக் கடன்காரர். விட்டுப் போகலாம் என்றால் பாக்கியைக் கட்டு, அப்புறம்தான் ரிலீவிங் லெட்டர் என்பார்கள். பயிற்சிக் கட்டணம், டெமோ பொருளுக்கு டெபாசிட், சீருடைக்குப் பணம் என்று சேரும்போதே வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், நீங்கள் எங்கள் ஊழியர் கிடையாது, சுயமாகத் தொழில் செய்கிறவர் என்று கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அதனால் குறைந்தபட்சக் கூலி, விடுப்பு, காப்பீடு எதுவும் பொருந்தாது என்பார்கள். ஆனால் காலை மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் எல்லார் முன்னாலும் நிற்க வைப்பார்கள், எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள், லொகேஷன் அனுப்பச் சொல்வார்கள், ராத்திரி ரிப்போர்ட் கொடுக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. சுயதொழில் செய்கிறவருக்கு எதற்கு இதெல்லாம்? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் வெளியிட்ட 198-ஆம் பரிந்துரை இதற்கு நேராகப் பதில் சொல்கிறது. ஒப்பந்தத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும், வேலை உண்மையில் எப்படி நடக்கிறது, பணம் எப்படித் தரப்படுகிறது என்பதை வைத்துத்தான் ஒருவர் ஊழியரா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும்.

இப்படி ஆட்கள் வந்து வந்து போனால் கம்பெனிக்குத்தானே நஷ்டம் என்று நீங்கள் நினைக்கலாம். நிலையான சம்பளம் இல்லாத இடத்தில் ஓர் ஆளைக் கூடுதலாக எடுப்பதற்குக் கம்பெனிக்குச் செலவு மிகமிகக் குறைவு. வருகிறவர் முதலில் யாரிடம் விற்பார்? அவருடைய போனில் இருக்கிற ஆட்களிடம். பயிற்சியின் முதல் நாளே "உங்களுக்குத் தெரிந்த நூறு பேர் பெயர் எழுதுங்கள்" என்று தாள் கொடுப்பார்கள். மாமா, சித்தி, பழைய வகுப்புத் தோழர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அந்தப் பட்டியல் தீருகிற வரை விற்பனை நடக்கும். தீர்ந்ததும் அவரும் போய்விடுவார். அவர் கொண்டுவந்த வாடிக்கையாளர்கள் கம்பெனியிலேயே இருப்பார்கள், அவர்கள் தொடர்ந்து கட்டுகிற தவணைக்கான கமிஷன் பல இடங்களில் மேலே இருப்பவருக்குப் போய்ச்சேரும். போனவர் இடத்துக்கு இன்னொருவர், இன்னொரு நூறு பெயர். ஆள் நிற்காததே இங்கே லாபமாகிவிடுகிறது. ஒரு தவணை கட்டியதும் "ஏன்டா இப்படி மாட்டிவிட்டாய்" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்பது மட்டும் வேலையை விட்டவரின் பங்கு.

அழுத்தம் அளவு மீறினால் அது வாடிக்கையாளர் தலையிலும் விடியும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி விவகாரம் 2016-இல் வெளியே வந்ததே, நினைவிருக்கும். விற்பனை இலக்கையும் இன்சென்டிவையும் எட்டுவதற்காக வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்திருந்தார்கள், அதற்காக ஐந்து ஆண்டுகளில் சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய வங்கியிலேயே டார்கெட் இந்த வேலையைச் செய்யும் என்றால், நிலையான சம்பளமே இல்லாத ஒருவரிடம் அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இதில் நீங்கள் எங்கே வருகிறீர்கள்?

வேலை தேடுகிறவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும். அவர் கண்ணுக்குத் தெரிவது இன்றைய ஒரு விளம்பரம். உங்கள் சர்வரில் அந்தக் கம்பெனியின் முழு வரலாறும் இருக்கிறது. அதே வேலை, அதே வாசகம், அதே "ஐம்பது காலியிடம், உடனடித் தேவை" இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால் அந்தக் கம்பெனி வளர்கிறதா, எடுத்த ஆட்கள் ஓடுகிறார்களா என்பது உங்களுக்குப் புரியாமல் இருக்காது. புகார்களும் உங்களிடம்தான் வருகின்றன. நாங்கள் வெறும் அறிவிப்புப் பலகைதான், உள்ளே இருப்பதற்கு விளம்பரதாரர்தான் பொறுப்பு என்று உங்கள் விதிமுறைகளில் போட்டிருப்பீர்கள். அறிவிப்புப் பலகை யாருக்கும் "இந்த வேலை உங்களுக்குப் பொருத்தமானது" என்று காலையில் மெசேஜ் அனுப்பாது. நீங்கள் அனுப்புகிறீர்கள்.

முடியாத எதையும் நான் கேட்கவில்லை. நியூயார்க் மாநிலத்தில் 2023 செப்டம்பர் முதல், முழுக்கக் கமிஷனில் ஊதியம் தருகிற வேலை என்றால் அதை விளம்பரத்திலேயே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2013-இலிருந்து கமிஷன் எப்படிக் கணக்கிடப்படும், எப்படித் தரப்படும் என்பதை எழுத்து ஒப்பந்தமாகக் கொடுத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை உத்தரவு, தொடக்க ஊதியத்தை அல்லது அதன் வரம்பை, ஊதியம் பற்றித் தெரிந்து பேசுகிற விதத்தில் விண்ணப்பதாரருக்குச் சொல்லச் சொல்கிறது. விளம்பரத்திலேயே அல்லது நேர்காணலுக்கு முன்பே சொல்வதை அதற்கு உதாரணமாகவும் காட்டுகிறது. இவை எல்லாம் புதியவை என்றால், 1949-ஆம் ஆண்டின் ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95-ஆம் உடன்படிக்கை அது. வேலையில் சேரும் முன்பே ஊதிய நிபந்தனைகளைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், வேலை கிடைப்பதற்கான விலையாகக் கூலியில் கைவைக்கக் கூடாது என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். ஒரு நாட்டில் சட்டம் வந்தால்தான் செய்வோம், மற்ற இடங்களில் பழையபடியே இருப்போம் என்று நீங்கள் சொன்னால், உங்களால் முடியும், மனம்தான் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

விளம்பரம் பதிகிற படிவத்தில் சம்பளத்துக்கு ஒரே கட்டம் இருப்பதை முதலில் மாற்றுங்கள். நிலையான மாதச் சம்பளம் தனி, கமிஷன் தனி. நிலையான சம்பளம் இல்லை என்றால் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று நிரப்பாமல் விளம்பரம் ஏறக் கூடாது, தலைப்புக்குப் பக்கத்திலேயே "கமிஷன் மட்டும்" என்று தெரிய வேண்டும், வேண்டாதவர்கள் அதை வடிகட்டி ஒதுக்க வழி வேண்டும். கமிஷனாக ஒரு தொகையைப் போடுகிறார்கள் என்றால், முதலிடத்தில் இருப்பவரின் வருமானத்தைப் போடக் கூடாது. கடந்த ஆண்டு சேர்ந்த அத்தனை பேரையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்கியது எவ்வளவு என்று கேளுங்கள். அதில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் போனார்கள் என்றும் கேளுங்கள். சொல்ல மறுக்கிற கம்பெனிக்குத் தொகை போடுகிற உரிமையைக் கொடுக்காதீர்கள்.

டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று சேருகிறவரிடமே பணம் கேட்கிறவர்களைப் பற்றிப் புகார் வந்தால், விசாரித்து முடிகிற வரைக்கும் அந்தக் கணக்கை நிறுத்தி வையுங்கள். ஒரே விளம்பரம் இந்த ஆண்டில் எத்தனை முறை போடப்பட்டது என்ற எண்ணையும் விளம்பரத்தின் கீழேயே காட்டுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற எண்தான், இதற்கு நீங்கள் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இதனால் சில விளம்பரதாரர்கள் போய்விடுவார்கள், வருமானம் குறையும், தெரியும். ஆனால் ஒழுங்காகக் கமிஷன் கொடுக்கிற கம்பெனிகளும் உங்களிடம் விளம்பரம் கொடுக்கின்றன. உள்ளதை உள்ளபடி எழுதுகிற அவர்களுடைய விளம்பரம், பொய்த் தொகை போட்ட விளம்பரத்துக்குக் கீழே கிடக்கிறது. அவர்களுக்கும் நல்ல ஆட்கள் கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்றால் அந்த இரண்டு கட்டங்களிலிருந்து தொடங்குங்கள், சம்பளம் தனியாக, கமிஷன் தனியாக. எந்தத் தேதியிலிருந்து அது கட்டாயமாகும் என்பதை உங்கள் முகப்புப் பக்கத்திலேயே அறிவியுங்கள்.