கைவேலைக்குக் கடைக்குப் போக வேண்டுமா? ஆசிரியைக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தாங்கள் தந்திருக்கும் 'வீணான பொருள்களில் கைவேலை' என்ற வீட்டுப்பாடத்தைப் பற்றியே எழுதுகிறேன். தலைப்பில் எனக்கு மறுப்பேதும் இல்லை. அது வீட்டுக்கு வந்து சேர்ந்தபின் என்ன ஆகிறது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. டைரியில் அந்த வரி ஏறிய அன்று மாலையே பள்ளிக்கு எதிரிலுள்ள கடையில் தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தாள், கட்டுக்கட்டாக ஐஸ் குச்சி என்று பெற்றோர் வாங்குகிறார்கள், இரவில் அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்து வெட்டி ஒட்டுகிறார்கள், பிள்ளை தூங்கிவிடுகிறது. ஐஸ் தின்னாமலேயே குச்சி கிடைக்கும் காலம் இது! அலங்காரத்துக்கான தெர்மாகோலை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருப்பதையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன்.

வீட்டில் உண்மையிலேயே கழிபவை பற்பசை வந்த அட்டைப்பெட்டி, தீர்ந்துபோன பேனா, பாட்டில் மூடி, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கு போன்றவைதான். இவற்றில் ஒரு வண்டி செய்யலாம். பிள்ளைகள் பெரும்பாலும் ஈர்க்கையே பெட்டியின் அடியில் ஒட்டிவிடுவார்கள். சக்கரம் சுற்றாமல் வண்டி தரையில் இழுபடும். பேனாக் குழாயை இரண்டாக நறுக்கிப் பெட்டியில் ஒட்டி, ஈர்க்கை அதனுள்ளே தளர்வாக நுழைத்து, இரு முனைகளிலும் மூடிகளை இறுக்கமாகச் செருகினால்தான் அச்சு சுழலும். மூடியில் துளை நடுவிலிருந்து சற்று விலகினாலும் வண்டி நொண்டும். வட்டத்தின் நடுப்புள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்போது பிள்ளையே கேட்கும். (துளை போடுவது மட்டும் பெரியவர்கள் வேலை.) ஜிகினா ஒட்டிய பூச்சாடியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை, அது எப்படி அமைந்தாலும் மேசையில் நின்றுகொண்டிருக்கும். நுங்கு எடுத்த பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடிய ஊர்ப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை.

வீணான பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டுபவரும் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவருமான அரவிந்த் குப்தாவைத் தாங்கள் அறிந்திருப்பீர்கள். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 1970களின் இறுதியில் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் கிராமப் பள்ளிகளுக்கான அறிவியல் திட்டத்தில் பணியாற்றியபோது, சைக்கிள் வால்வு டியூபைத் துண்டு துண்டாக நறுக்கி, மருந்தைச் சுரண்டிய தீக்குச்சிகளை அவற்றில் செருகி வடிவங்கள் செய்யக் காட்டினார். மூன்று குச்சிகளில் அமைந்த முக்கோணம் அழுத்தினாலும் உருக்குலையாது. நான்கு குச்சிகளில் அமைந்த சதுரமோ விரல் பட்டதும் சாய்ந்துவிடும், குறுக்கே ஒரு குச்சி வைத்துக் கட்டினால்தான் நிற்கும். மின்கோபுரங்களில் ஏன் எங்கு பார்த்தாலும் முக்கோணமாக இருக்கிறது என்பதை இதன்பின் பிள்ளைகளுக்கு விளக்க அதிக நேரம் ஆகாது.

ஆகவே, இந்தக் கைவேலையை வீட்டுக்கு அனுப்பாமல் வகுப்பிலேயே செய்யவைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மூலையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி இருந்தால் பிள்ளைகள் வீட்டுக் கழிவைக் கொண்டுவந்து நிரப்புவார்கள். அன்று அதில் என்ன கிடக்கிறதோ அதிலிருந்து எதைச் செய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். மதிப்பெண் அழகுக்கு வேண்டாம். வண்டி ஓடுகிறதா, கோபுரம் நிற்கிறதா, நிற்காவிட்டால் எதை மாற்றிப் பார்த்தார்கள் என்பதற்குத் தாருங்கள். பசைக்கு மைதா மாவைக் காய்ச்சினால் போதும். பூச்சி அரிக்காமலிருக்கச் சுவரொட்டி ஒட்டுவோர் சேர்க்கும் மயில்துத்தம் நஞ்சு என்பதால் அதை மட்டும் கலக்க வேண்டாம்.

கண்காட்சி நாளில் கோணல்மாணலான வண்டிகளைப் பார்த்துப் பள்ளி நிர்வாகம் முகம் சுளிக்கக்கூடும். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தாங்கள் ஒருவரே சுமக்க வேண்டாம். பெற்றோர் தரப்பில் வந்து பேச நானும் இன்னும் சிலரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் மாணவி ஒருத்தியின் தாய்