கயல் மிதித்துக்கொண்டிருக்கிறாள்

பந்திங், மலேசியா,
சனிக்கிழமை

அன்புள்ள மணியம்,

தீபாவளிக்கு அப்புறம் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கோயில் தலைவர் பதவிக்கு அதே இரண்டு பேர்தான் மறுபடியும் அடித்துக்கொள்கிறார்கள், காளிமுத்து அண்ணன் அந்தக் கொய்யா மரத்தை இன்னும் வெட்டவில்லை. விஷயம் அதெல்லாம் இல்லை.

மகள் கயல் வேலையை விட்டுவிட்டாள். கூட வேலை பார்த்த மெய் லிங்கைச் சேர்த்துக்கொண்டு சிலி நாட்டுக்குப் போய், அங்கே அட்டகாமா பாலைவனத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கிறாள். ஆமாம், சைக்கிள். அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் இடுப்பு வலி என்பவள். பெற்றவள் லெச்சுமி என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கியது நான்தானாம். பழக்கியது பால்மரத் தோட்டத்துச் செம்மண் ரோட்டில். தென்னமெரிக்காவுக்குப் போ என்று நானா சொன்னேன்?

அது விசித்திரமான ஊர் மணியம். ஒரு பக்கம் பசிபிக் கடல், மறு பக்கம் புல் பூண்டு இல்லாத மொட்டை மலை. இவ்வளவு தண்ணீர் பக்கத்தில் இருந்தும் எப்படிப் பாலைவனம் என்று கேட்டேன். ஹம்போல்ட் நீரோட்டம் என்று ஒன்று கரையோரமாக ஓடுகிறதாம், சில்லென்ற தண்ணீர். அதன் மேலே இருக்கும் காற்றும் குளிர்ந்து கீழேயே படுத்துவிடுவதால் மேகம் மேலே ஏறி மழையாக வழியில்லை. பனிமூட்டம்தான் வரும். கமன்சாக்கா என்கிறார்கள். இவர்கள் போய்ச் சேரவேண்டிய ஆரிக்கா ஊரில் 1903 அக்டோபர் முதல் 1918 ஜனவரி வரை மழையே பெய்யவில்லையாம். மழை ஓயாத தைப்பிங்கில் இன்றைக்குப் பெய்யாது என்று பந்தயம் கட்டித் தோற்ற உன் சித்தப்பா அங்கே பிறந்திருந்தால் பங்களா கட்டியிருப்பார்.

காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து அடிக்குமாம். அதனால் லா செரேனாவில் தொடங்கி வடக்கு நோக்கிப் போகிறார்கள். இருட்டோடு எழுந்து கிளம்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பினால் கூடாரம் அடிக்கக்கூட விடாது. ஊர் இல்லாத தூரங்களுக்கு ஆளுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கட்டிக்கொள்கிறார்கள். அதுவே பத்துக் கிலோ. லாரிக்காரர்கள் நிறுத்தித் தண்ணீர் கொடுக்கிறார்கள் என்கிறாள். அவள் அதைச் சந்தோஷமாகச் சொல்கிறாள், எனக்கு லாரி என்ற சொல்லே வயிற்றைப் பிசைகிறது.

இன்னொன்று கேள். காற்றுக்குப் பயந்து ஒரு ராத்திரி நெடுஞ்சாலைக்கு அடியில் இருந்த மதகுக்குள் படுத்தார்களாம். மழையே இல்லாத ஊரில் மதகு எதற்கு? தேடிப் பார்த்தேன். 2015 மார்ச்சில் அந்தப் பக்கம் மழை கொட்டி, சன்யரால் என்ற ஊருக்குள் சேறும் வெள்ளமுமாகப் புகுந்து ஆட்களைக் கொண்டுபோயிருக்கிறது. இவர்கள் அதே ஊர் வழியாகத்தான் போனார்கள். இதை லெச்சுமியிடம் சொல்லவில்லை. நீயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு.

அங்கேயும் ரோட்டோரத்தில் சின்னச் சின்னக் கோயில்கள் உண்டாம். கொர்ரேயா என்றொரு அம்மா, புருஷனைத் தேடிப் பாலைவனத்தில் நடந்து தாகத்தில் செத்தவள். மார்பில் பால் குடித்துக்கொண்டு குழந்தை உயிரோடு கிடந்தது என்று அர்ஜென்டினாவில் கதை சொல்வார்களாம். அவளுக்குப் படையல் தண்ணீர்ப் போத்தல்கள்தான், குவிந்து கிடக்கும். “தண்ணி தீர்ந்தா அதுல ஒன்ன எடுத்துக் குடிக்கலாமாப்பா?” என்று கயல் கேட்டாள். முனியாண்டிக்குப் படைத்த சுருட்டை நீயும் நானும் எடுத்து இழுத்த கதை நினைவுக்கு வந்தது. “கேட்டுட்டு எடு” என்றேன்.

இங்கே ராத்திரி எட்டு என்றால் அங்கே காலை எட்டு. கையில் ஒரு சாட்டிலைட் கருவி இருப்பதால், போன் லைன் இல்லாத இடத்திலும் வரைபடத்தில் புள்ளியாகத் தெரிகிறாள். லெச்சுமி ராத்திரியெல்லாம் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் பேசாவிட்டாலும் “நகருது” என்று மட்டும் சொல்வாள்.

போன வாரம் இக்கிக்கே ஊருக்கு மேலே இருந்து ஒரு படம் அனுப்பினாள். தகரக்கூரை போட்ட வீடுகள், ஒட்டி ஒட்டி, வரிசை வரிசையாக. கீழே “அப்பா, லயம்” என்று மட்டும் எழுதியிருந்தாள். இடத்தின் பெயர் ஹம்பர்ஸ்டோன். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் நைட்ரேட் உப்பு எடுத்த கம்பெனி ஊர். கூலியைக் கம்பெனி வில்லையாகத்தான் கொடுப்பார்கள், அது கம்பெனிக் கடையில்தான் செல்லும். அதை எதிர்த்தும் இன்னும் பலதுக்காகவும் 1907-இல் இக்கிக்கேயில் வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சுட்டிருக்கிறது ராணுவம். பிறகு ஜெர்மன்காரர்கள் அந்தச் சரக்கைத் தொழிற்சாலையிலேயே செய்துவிட, தொழில் படுத்து, 1960-இல் ஊரையே மூடிவிட்டார்கள். இப்போது யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நம் தோட்டத்து லயம் இருந்த இடத்தில் தாமான் வீடுகள் வந்துவிட்டன, நான் காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்க நின்ற களத்தில் யாரோ கார் கழுவுகிறார்கள்.

அன்றைக்குத்தான் கயலிடம் தாத்தா கதையைச் சொன்னேன். 1941-இல் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம், அதை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதனை நாடுகடத்தியது, தொழிலாளிகளைச் சுட்டது. கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்து என்பது. தாத்தா அப்படி இறங்கி நின்றவர்தானே. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குக் கயல் பேசவே இல்லை. அப்புறம், “தாத்தா வச்சிருந்தது என்ன சைக்கிள்?” என்றாள். ராலே. பின்னால் ரப்பர் பால் சுமக்கும் காண்டா வாளி தொங்கவிட்ட கறைகூடப் போகாத ராலே. அவள் பார்த்ததில்லை, உனக்குத் தெரியும்.

இக்கிக்கேயிலிருந்து ஆரிக்காவுக்கு இன்னும் 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நடுவில் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறவேண்டும். கமரோனெஸ் ஏற்றம்தான் மோசம் என்கிறாள். என்னால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

அதனால் சைக்கிள் ஒன்று வாங்கிவிட்டேன். லெச்சுமிக்கு இதுவும் கோபம். அடுத்த ஞாயிறு விடியற்காலை மோரிப் கடற்கரை வரைக்கும் போகலாம் என்றிருக்கிறேன், சமதரை ரோடுதான். சனிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடு. உனக்குச் சைக்கிள் காளிமுத்து அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மூட்டுவலி என்று மட்டும் எழுதாதே, அது எனக்கும் இருக்கிறது.

உன்,
ராமு