சைக்கிளுக்கு ஜிபிஎஸ் மீற்றர்: யாழ்ப்பாணத்துக்கு எது வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பயிற்சிக்கும் நெடுந்தூர ஓட்டத்துக்கும் சைக்கிள் எடுக்கும் இளையவர்கள் பலர் ஹான்டிலில் ஜிபிஎஸ் மீற்றர், அதாவது செய்மதி வழியாக வேகத்தையும் தூரத்தையும் பாதையையும் காட்டும் சிறு கருவி, பூட்ட விரும்புகிறார்கள். நல்ல விருப்பம்தான். ஆனால் விலையை ஏற்றும் வசதிகளில் பல மலைநாட்டுக்கும் மாடிக்கட்டடம் நிறைந்த நகரங்களுக்கும் உரியவை. புதிதாக ஓடத் தொடங்குபவர் அவற்றுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இங்கே பலருக்கு இந்தக் கருவி வெளிநாட்டில் இருக்கும் மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்து தருவது. அங்கேதான் முதல் சிக்கல். கார்மின் நிறுவனத்தின் எட்ஜ் 530 போன்ற மீற்றர்கள் விற்கப்படும் பிராந்தியத்தின் வரைபடத்தோடுதான் வரும். ஐரோப்பாவில் வாங்கியதை யாழ்ப்பாணத்தில் போட்டால் வெறுந்திரையில் உங்கள் அம்புக்குறி மட்டும் நிற்கும். கருவி பழுது என்று நினைத்துவிட வேண்டாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற பொது வரைபடத் திட்டத்தின் தரவில் செய்த இலங்கை வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது; அந்த வரைபடக் கோப்பை (ஐஎம்ஜி) யூஎஸ்பி வயரால் கருவியின் கார்மின் கோப்புறைக்குள் போட்டால் சரி. வாகூ என்ற மற்ற நிறுவனத்தின் கருவிகளில் நாட்டைத் தெரிவுசெய்து வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம். கார்மினின் எட்ஜ் 130 பிளஸ் போன்ற சிறியவற்றில் வரைபடமே கிடையாது, நாம் ஏற்றும் பாதையின் கோடு மட்டும் தெரியும். பலாலி வீதிக்கும் காங்கேசன்துறை வீதிக்கும் அது தாராளம். வடமராட்சி ஒழுங்கைகளுக்குள் புகுந்து திரிய விரும்புபவருக்கு மட்டுமே வரைபடம் உதவும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் செல்லும் என்பதால் கருவியைக் கொண்டுவந்து தருபவரிடமே பற்றுச்சீட்டை விட்டுவையுங்கள். இங்கே முதன்முறை போடும்போது வெட்டவெளியில் பத்து நிமிடமாவது அசையாமல் வையுங்கள். வேறு கண்டத்தில் கடைசியாக நின்ற கருவிக்கு இங்குள்ள செய்மதிகளைத் தேடிப் பிடிக்க நேரம் எடுக்கும்.

செய்மதியின் இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் இரட்டை அலைவரிசை ஜிபிஎஸ் உயர்ந்த கட்டடங்களுக்கும் பள்ளத்தாக்குகளுக்கும் இடையில் ஓடுபவருக்கே பெரிதும் பயன்படும். குடாநாட்டின் திறந்த வானத்துக்குச் சாதாரண ஜிபிஎஸ் போதும். நனைந்த மாமரங்கள் மூடிய ஒழுங்கையில் சில மீற்றர் விலகினால் ஒன்றும் குடிமுழுகாது. கருவி இடத்தைப் பதியும் இடைவெளியை ஒவ்வொரு செக்கனுக்கும் என்று வையுங்கள், இல்லாவிட்டால் வளைவுகளை வெட்டித் தூரத்தைக் குறைத்துக் காட்டும். காற்றழுத்த உயரமானியும் ஏற்றம் காட்டும் பக்கமும் இந்தச் சமதரையில் வீண்.

காசைப் போடவேண்டிய இடம் திரை. கைபேசித் திரை தன் வெளிச்சத்தை நம்பியது. மதிய வெயிலில் மங்கி, சூடேறி அணைந்துவிடும். நல்ல மீற்றரின் திரை வெயிலைத் தெறிக்கவிட்டே தெளிவாகத் தெரியும், பற்றரியையும் தின்னாது. தொடுதிரையை விடப் பொத்தான் நல்லது. வியர்வையும் மழைத்துளியும் விழுந்தால் தொடுதிரை தானாகப் பக்கம் புரட்டும்.

சில்லின் சுற்றுகளை எண்ணி வேகமும் தூரமும் சொல்லும் சில்லுச் சென்சர் பூட்டுபவர் சில்லின் சுற்றளவைத் தானே அளந்து மீற்றரில் பதியவேண்டும். காற்றை நிறைத்து, வால்வைக் கீழே கொண்டுவந்து நிலத்தில் சோக்கால் கோடிடுங்கள். ஆசனத்தில் ஏறி இருந்தபடி, ஒருவர் பிடிக்க, சில்லு மூன்று சுற்று உருளட்டும். தூரத்தை மூன்றால் பிரித்தால் வருவதே உங்கள் எண். ஆள் ஏறாமல் அளந்தால் ரயர் அமுங்காது, எண் கூடிவிடும். ஒடுக்கமான 700×23 பந்தய ரயருக்குரிய 2096 மில்லிமீற்றர் சுற்றளவை மீற்றரில் 2050 மில்லிமீற்றர் சுற்றும் 26 அங்குலச் சில்லில் விட்டுவைத்தால் 50 கிலோமீற்றருக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேல் கூட்டிக் காட்டும். 28 அங்குலச் சில்லுள்ள பழைய றலி சைக்கிளில் இது தலைகீழாகும், ஓடியதை விடக் குறைவாகவே காட்டும்.

ஒரு சென்சர்தான் வாங்க முடியும் என்றால், மிதி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் மிதிவேகச் சென்சரை எடுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போகும்போது வேக எண் விழுந்துகொண்டே போகும். அதைத் துரத்தி மிதித்தால் முழங்கால்தான் கெடும். கியர் உள்ள சைக்கிளில் கியரைக் குறைத்து நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்றைக் காப்பாற்றினால் காற்றையும் கடக்கலாம், திரும்பிவரக் காலும் இருக்கும். புளூடூத், அன்ட் பிளஸ் என்ற இரண்டு கம்பியில்லா முறைகளிலும் மீற்றரோடு பேசும் சென்சராகப் பாருங்கள். மீற்றரை மாற்றினாலும் அது உதவும்.

கடலோரம் ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். கருவியில் தண்ணீர் தாங்கும் தரமாகக் குறிக்கப்படும் ஐபிஎக்ஸ்7 என்பது ஒரு மீற்றர் ஆழ நன்னீரில் அரை மணித்தியாலத்துக்கான சோதனை. உப்பு ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் சார்ஜ் முனை பச்சை பூத்து அரித்துவிடும். பெரும்பாலான கருவிகளில் அதை மட்டும் தனியாக மாற்ற வழியில்லை. தாங்கியை றப்பர் வளையத்தில் மட்டும் நம்ப வேண்டாம், வெயிலில் அது வெடிக்கும். மெல்லிய கயிறு ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள்.

ஓட்டங்களை இணையத்தில் பகிரும் பிள்ளைகள் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் அமைப்பை முதலில் போடவேண்டும். சைக்கிளும் வீடும் எங்கே என்று வரைபடமே சொல்லிக்கொடுக்கும்.

விற்கும் கடைக்காரரிடம் ஒரு வேண்டுகோள்: கருவியில் இலங்கை வரைபடம் இருக்கிறதா என்பதையும், பூட்டும்போது அளந்த சில்லுச் சுற்றளவையும் பற்றுச்சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சைக்கிளோட்டி ஒருவர்,
கொக்குவில்.